கத்திக்கு முன் ஊசி

மார்பில் கட்டி என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோர் வாயிலும் வருவது ஒரே பேச்சுதான்: "எதற்குத் தாமதம், உடனே வெட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள்." பயத்தில் வரும் பேச்சு, குறை சொல்ல முடியாது. ஆனால் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பின்னால் சரிசெய்யவே முடியாமல் போகும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்தில்தான் பிறக்கின்றன. கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்த கட்டி நேற்று முளைத்ததில்லை. பல மாதங்களாக, பெரும்பாலும் சில ஆண்டுகளாகவே உள்ளே இருந்திருக்கிறது. பரிசோதனைகளுக்காக இரண்டு மூன்று வாரம் போனால் விளைவு மாறிவிடாது. என்ன கட்டி என்று தெரியாமலே வெட்டிவிட்டால், அதன் உண்மையான அளவு, அக்குள் நெறிக்கட்டிகளின் நிலை, மருந்தை முதலில் கொடுத்து அது கரைகிறதா என்று கண்ணெதிரே பார்க்கும் வாய்ப்பு, எல்லாம் கட்டியோடு சேர்ந்தே போய்விடும்.

கட்டியை மூன்று வழிகளில் பார்க்க வேண்டும்: மருத்துவரின் கை, படம், திசு எடுத்துப் பார்க்கும் ஊசி. இந்த மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் வேறு சொன்னால் அந்த முரண் தீரும்வரை யாரும் நிம்மதி அடையக் கூடாது.

படம் என்றால் முதலில் மேமோகிராம், அதாவது மார்பின் எக்ஸ்ரே. ஒவ்வொரு மார்பையும் மேலிருந்து கீழாக ஒன்று, சாய்வாக ஒன்று என இரண்டு கோணங்களில் எடுப்பார்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே சில நொடிகள் இறுக்கி அழுத்துவார்கள். அந்த அழுத்தம் வலிக்கும், ஆனால் தேவையானது: திசு பரந்து மெலிந்தால் ஒன்றன் மேல் ஒன்று படிந்து மறைப்பது குறையும், அசைவு நிற்கும், கதிர்வீச்சின் அளவும் குறையும். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தில் போனால் வலி குறைவு. அன்று அக்குளில் டியோடரண்டோ பவுடரோ போடக் கூடாது. அதிலுள்ள அலுமினியத் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் போலவே விழும். அந்தப் புள்ளிகளைத்தான் படம் பார்ப்பவர் தேடிக்கொண்டிருப்பார்.

முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அல்ட்ராசவுண்டில் தொடங்குவதே வழக்கம். இளம் மார்பில் சுரப்பித் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் அது வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. எந்த வயதானாலும் சரி, கைக்குக் கட்டி தெரிந்து, மேமோகிராம் 'ஒன்றுமில்லை' என்றால் அங்கே நிறுத்தக் கூடாது, அல்ட்ராசவுண்ட் பார்த்தே ஆக வேண்டும். லோபுலர் எனும் புற்றுநோய் வகை இப்படி ஏமாற்றுவதில் பேர்போனது. அதன் செல்களை ஒட்டவைக்கும் இ-கேட்ஹெரின் என்ற புரதம் இல்லாததால் அவை கட்டியாகத் திரளாமல் ஒற்றை வரிசையாகத் திசுவுக்குள் ஊர்ந்து போகும். படத்தில் தெரிவதைவிட உள்ளே பரப்பு அதிகமாக இருக்கும். இந்த வகைக்கு எம்.ஆர்.ஐ. உண்மையிலேயே உதவுகிறது.

படத்தின் முடிவில் பை-ராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம். 4 என்பது மிக அகலமான வகை. 2 சதவீதத்திலிருந்து 95 சதவீதம் வரை எல்லாம் அதில் அடங்கும். அதனால்தான் அதை 4ஏ, 4பி, 4சி என்று பிரிக்கிறார்கள். 5 என்றால் 95 சதவீதத்துக்கு மேல். 0 என்றால் நல்ல சேதி என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. இன்னும் படம் வேண்டும், முடிவு சொல்ல இது போதாது என்றே அதற்கு அர்த்தம்.

4, 5 வந்தால் ஊசி. 'ஊசி குத்தினால் பரவிவிடும்' என்ற பயம் இன்னும் எத்தனையோ பேரைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. ஊசி போன பாதையில் சில செல்கள் ஒட்டுவது உண்டு. ஆனால் அவை அங்கே வேர்பிடித்து நோயாக வளர்வது மிக அரிது. அந்தப் பகுதி பின்னர் அறுவையிலோ கதிர்வீச்சிலோ அடங்கிவிடுகிறது. ஊசி போட்டுக்கொண்டதால் யாருடைய ஆயுளும் குறைவதில்லை.

எந்த ஊசி என்பதும் முக்கியம். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. விரைவானது, ஆனால் அது தனித்தனி செல்களைத்தான் காட்டும். பால்குழாய்ச் சுவருக்குள் அடங்கியிருக்கிறதா, சுவரை உடைத்து வெளியே வந்துவிட்டதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத் திசு துண்டாக வேண்டும். அதுதான் கோர் பயாப்ஸி.

வேலை இப்படி நடக்கும். மரப்பு ஊசி போட்டு, தோலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறல். அல்ட்ராசவுண்டில் கட்டியைப் பார்த்தபடியே 14 கேஜ் ஊசியை மார்புச் சுவருக்கு இணையாகப் படுக்கவைத்து உள்ளே செலுத்துவார்கள். பொத்தானை அழுத்தினால் ஊசிமுனை சுமார் இரண்டு சென்டிமீட்டர் முன்னே பாயும். செங்குத்தாகப் பிடித்தால் அந்தப் பாய்ச்சல் நுரையீரல் உறையில் போய் நிற்கக்கூடும், படுக்கவைப்பது அதனால்தான். ஸ்டேப்ளர் அடிப்பது போல 'டக்' என்று சத்தம் வரும். இதை முன்பே சொல்லி, ஒரு முறை காற்றில் அடித்துக் காட்டிவிட்டால் நோயாளி துள்ளமாட்டார். மூன்று முதல் ஐந்து துண்டுகள் எடுப்பார்கள், ஒவ்வொன்றும் வெள்ளை நூல் துணுக்குப் போல இருக்கும். புட்டியில் போட்டதும் அனுபவமுள்ள மருத்துவர் ஒன்றைக் கவனிப்பார்: கட்டியின் திசு மூழ்கும், வெறும் கொழுப்பு மிதக்கும். எல்லாம் மிதந்தால் ஊசி குறி தவறியிருக்கிறது. பிறகு பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கட்டியே இல்லாமல் சுண்ணாம்புப் புள்ளிகள் மட்டும் இருந்தால் மேமோகிராமின் துணையோடு, உறிஞ்சி எடுக்கும் தடித்த ஊசி தேவை. எடுத்த துண்டுகளையே எக்ஸ்ரே எடுத்து, புள்ளிகள் அதில் வந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே நோயாளியை எழுப்ப வேண்டும்.

அந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. சிகிச்சையின் தலையெழுத்தில் பாதி அங்கேதான் எழுதப்படுகிறது. திசுவைப் பதப்படுத்தும் 10 சதவீத நடுநிலை ஃபார்மலின் இருக்க வேண்டும். உப்புநீரில் போட்டு வைத்தால் திசு அழுகத் தொடங்கும். உடலிலிருந்து வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும்; அதில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊற வேண்டும். திசுவைப் போலப் பத்து மடங்கு திரவம் வேண்டும். ஊசித் துண்டுகளுக்கு இதெல்லாம் எளிது. முழு மார்பையும் அகற்றிய பின் சிக்கல் வருகிறது. ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். சனிக்கிழமை மாலை அகற்றிய மார்பை அப்படியே வாளியில் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை திறந்தால் வெளிப்புறம் பதமாகியிருக்கும், நடுவிலுள்ள கட்டி கெட்டிருக்கும். கட்டியின் குறுக்கே 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் அன்றே கீறிவிட வேண்டும்.

இதைச் செய்யாவிட்டால் ஹார்மோன் ஏற்பிகள் (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதங்கள்) அழிந்துபோய், உண்மையில் 'பாசிட்டிவ்' ஆன கட்டி 'நெகட்டிவ்' என்று அறிக்கையில் வரும். அந்தப் பெண்ணுக்குத் தினம் ஒரு மாத்திரையாக ஐந்து பத்து ஆண்டுகள் கிடைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு போய்விடும். தவறு நடந்தது யாருக்கும் தெரியவும் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அதே ஸ்லைடில் நோயில்லாத பால்குழாய் ஒன்று இருந்தால் அதன் செல்கள் சிலவாவது ஏற்பியைக் காட்டும் சாயத்தை ஏற்றிருக்க வேண்டும். அதுவும் வெளிறிக் கிடந்தால் அந்த 'நெகட்டிவ்' முடிவை நம்பக் கூடாது. வேறு துண்டில் மறுபடி செய்யச் சொல்ல வேண்டும்.

படம் 5 என்று சொல்லி, பயாப்ஸி 'சாதாரணத் திசு' என்று வந்தால் அது கொண்டாட வேண்டிய முடிவில்லை. ஊசி குறி தவறியது என்றே எடுத்துக்கொண்டு மறுபடி எடுக்க வேண்டும். இந்த இடத்தில் 'நல்ல ரிப்போர்ட் வந்துவிட்டது' என்று வீட்டுக்குப் போய், ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருவதுதான் கண்டறிதலில் நடக்கும் மிக வருத்தமான தவறு. மார்பு சிவந்து, வீங்கி, ஆரஞ்சுத் தோல் போலக் குழி விழுந்திருக்கும் அழற்சி வகையும் இதே போலத்தான் நழுவும். பால் கட்டிக்கொண்ட புண் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் தருவார்கள். ஒரு சுற்று மருந்தில், அதாவது ஒன்றிரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் இரண்டாவது ஆன்டிபயாட்டிக்கைத் தேடாமல் தோலையும் சேர்த்துப் பயாப்ஸி எடுக்க வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை: பரவும் வகையா, குழாய்க்குள் அடங்கியதா, கிரேடு, இ.ஆர்., பி.ஆர். (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (செல்லை வேகமாகப் பெருகச் செய்யும் புரதம்). கிரேடு என்பது நிலை (நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது) அல்ல, இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. செல்கள் குழாய் வடிவத்தை எவ்வளவு இழந்திருக்கின்றன, உட்கரு எவ்வளவு கோணியிருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று மூன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள்: கூட்டுத்தொகை 3 முதல் 5 வந்தால் கிரேடு 1; 6 அல்லது 7 என்றால் கிரேடு 2; 8 அல்லது 9 என்றால் கிரேடு 3. இ.ஆர். ஒரு சதவீதச் செல்களில் இருந்தாலே பாசிட்டிவ்தான். ஆனால் 1 முதல் 10 சதவீதம் வரை 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாகக் குறிப்பார்கள். அந்தக் கட்டிகளில் பல நெகட்டிவ் கட்டிகளைப் போலவே நடந்துகொள்ளும். ஹெர்-2 முடிவு 0, 1+, 2+, 3+ என்று வரும். 3+ பாசிட்டிவ். 2+ என்பது முடிவே இல்லை, ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை செய்தாக வேண்டும். 2+ என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு, ஃபிஷ் செய்யாமலே கீமோவைத் தொடங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

எல்லோருக்கும் பெட் ஸ்கேன் தேவையில்லை. சிறிய கட்டி, அக்குளில் நெறிக்கட்டி இல்லை, எலும்பு வலி போன்ற தொந்தரவு இல்லை, கல்லீரல் ரத்தப் பரிசோதனை சரி என்றால் முழு உடல் ஸ்கேனில் பலன் குறைவு. நுரையீரலில் பழைய தழும்பு ஒன்று தெரிந்து, அதைத் துரத்திக்கொண்டே ஒரு மாதம் போகும். மூன்றாம் நிலை, அழற்சி வகை, தொந்தரவுகள் உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் அது அவசியம்.

இப்போதுதான் வரிசையை முடிவு செய்யும் கட்டம்: முதலில் கத்தியா, மருந்தா? இ.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், சிறிய கட்டி என்றால் அறுவையே முதலில். ஹெர்-2 பாசிட்டிவ் அல்லது இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ் ஆன வகையில் கட்டி 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ நெறிக்கட்டியில் நோய் இருந்தாலோ மருந்து முதலில். கட்டி சுருங்கும் என்பது இதன் பாதிப் பயன்தான். மருந்து முடிந்து அறுவை செய்யும்போது உயிருள்ள புற்றுச்செல் ஒன்றுகூட மிச்சமில்லை என்றால் ஒரு பாதை, மிச்சம் இருந்தால் வேறு பாதை: ஹெர்-2 வகைக்கு டி-டி.எம்.1 என்ற ஊசி மருந்து, மூன்றும் நெகட்டிவ் ஆனவர்களில் சிலருக்குக் கேப்சிடபின் மாத்திரை. முதலிலேயே வெட்டியவருக்கு இந்தத் தகவல் ஒருபோதும் கிடைக்காது.

மருந்தை முதலில் கொடுப்பதாக இருந்தால் தொடங்கும் முன்பே கட்டிக்குள்ளும், நோயுள்ள நெறிக்கட்டிக்குள்ளும் சிறு உலோகக் கிளிப் வைத்துவிட வேண்டும். அரிசிமணியைவிடச் சிறியது. அதை மறந்துவிட்டு, கீமோவில் கட்டி முழுக்கக் கரைந்துபோனால் எந்த இடத்தை வெட்டுவது என்று அறுவை மருத்துவருக்கே தெரியாது. பாதி மார்பைக் காப்பாற்றியிருக்கக்கூடியவர் முழு மார்பையும் இழப்பார். மருந்து நன்றாக வேலை செய்ததற்கு இப்படி ஒரு விலை கொடுக்கக் கூடாது.

முழு மார்பையும் எடுத்தால்தான் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு நூறாண்டு வயது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1880-களில் தொடங்கிய அறுவையில் மார்போடு அதன் அடியிலுள்ள தசைகளும் போயின. அறுவை மருத்துவர்கள் பெர்னார்ட் ஃபிஷர் அமெரிக்காவிலும் உம்பர்ட்டோ வெரோனெசி மிலானிலும் நடத்திய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002-ல் வெளிவந்தன: கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பையே எடுத்தவர்களும் ஒரே அளவு ஆயுளுடன் இருந்தார்கள். ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு இல்லாமல் விட்டவர்களில் 39 சதவீதத்தினருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் 14 சதவீதம். ஆகவே மார்பைக் காப்பாற்றும் அறுவையையும் கதிர்வீச்சையும் ஒரே சிகிச்சையாகத்தான் எண்ண வேண்டும். எடுத்த துண்டின் வெளிப்பரப்பில் மை பூசி, மை மேல் புற்றுச்செல் தொடவில்லை என்றால் பரவும் வகைக்கு அந்த விளிம்பு போதும். இன்னும் அகலமாக வெட்டுவதில் லாபமில்லை.

அக்குளில் நோய் தெரியாதவர்களுக்கு எல்லா நெறிக்கட்டிகளையும் அள்ளி எடுப்பது வீண் தண்டனை. நீலச் சாயமும் கதிரியக்க டெக்னீஷியம் கலவையும் செலுத்தி, அவை முதலில் போய்ச் சேரும் இரண்டு மூன்று காவல் நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். அன்று சிறுநீர் பச்சையாகப் போகும் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. முழுவதும் எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது, காவல் நெறிக்கட்டிகள் மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவருக்கு. கீமோவுக்கு முன் நெறிக்கட்டியில் நோய் இருந்து, பின்பு மறைந்திருந்தால் சாயம், டெக்னீஷியம் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்திக் குறைந்தது மூன்று காவல் நெறிக்கட்டிகளாவது எடுக்க வேண்டும். ஒன்றே ஒன்றை எடுத்து 'சுத்தம்' என்பது நம்பத்தக்கதில்லை.

கதிர்வீச்சின் நாட்கள் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டன. ஐந்து வாரம், 25 தவணை, 50 கிரே (கதிர்வீச்சின் அலகு) என்று இருந்தது. 15 தவணையில் 40 கிரே என்பதே இன்று பலருக்கும் போதும். தேர்ந்தெடுத்த சிலருக்கு ஒரே வாரத்தில் 5 தவணை, 26 கிரே. இடது மார்பென்றால் மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். நுரையீரல் விரிந்து இதயத்தைக் கதிரின் பாதையிலிருந்து விலக்கிவிடும்.

கீமோவில் அதிகம் கையாளப்படும் வரிசை: டாக்சோருபிசின் உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 60 மி.கி., சைக்ளோபாஸ்பமைடு 600 மி.கி., இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை. பிறகு பாக்ளிடாக்சல் சதுர மீட்டருக்கு 80 மி.கி. வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு முறை. தொடங்கும் முன் இதயத்துக்கு எக்கோ. குழந்தை வேண்டும் என்றால் கருமுட்டை சேமிப்பு பற்றி அப்போதே பேசிவிட வேண்டும், முதல் டோஸுக்குப் பிறகு பேசிப் பயன் குறைவு. டாக்சோருபிசின் சிவப்பு நிறம். ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கும், அது ரத்தம் அல்ல. ஆனால் ஏறும்போது ஊசி இடத்தில் எரிச்சலோ வீக்கமோ வந்தால் அந்த நொடியே குரல் கொடுக்க வேண்டும். ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும் மருந்து அது. நிறுத்தி, அதே ஊசி வழியாக உறிஞ்சி, பனிக்கட்டி ஒத்தடம் கொடுக்க வேண்டும். முறிவு மருந்தான டெக்ஸ்ரசாக்சேனை ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மருந்து ஏற்றுவதற்காக மார்புத் தோலுக்கடியில் போர்ட் என்ற சிறு கருவியை வைத்துவிட்டால் இந்த ஆபத்து பெரிதும் குறைகிறது.

கீமோ எடுப்பவர் வீட்டில் வெப்பமானி ஒன்று இருந்தே ஆக வேண்டும். மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது 38.3 டிகிரி செல்சியஸ் ஒரு முறை காட்டினாலோ, 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். வெள்ளணு இல்லாத உடம்பில் சீழ் பிடிக்காது, வீக்கம் வராது, காய்ச்சல் மட்டுமே அடையாளம். பாரசிட்டமால் போட்டு அந்த ஒரே அடையாளத்தையும் அழித்துவிட்டுக் காலைவரை பார்ப்போம் என்று படுத்தவர்கள் காலையில் ரத்த அழுத்தம் விழுந்த நிலையில் வருகிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

எல்லோருக்கும் கீமோ தேவையா? இ.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், நெறிக்கட்டி சுத்தம் என்றால் கட்டியின் 21 மரபணுக்களைப் பார்த்து மதிப்பெண் தரும் சோதனை ஒன்று உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அதன் மதிப்பெண் 25 வரை இருந்தால் கீமோவால் கூடுதல் லாபமில்லை என்று 2018-ல் டெய்லர்-எக்ஸ் ஆய்வு காட்டியது. அந்த வகைக்கு முதுகெலும்பே ஹார்மோன் மாத்திரைதான்.

டாமாக்சிஃபென் 20 மி.கி., தினமும், ஐந்து முதல் பத்து ஆண்டுகள். ஐந்தாண்டு ஒழுங்காக எடுத்தாலே இந்நோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாத்திரை சின்னது, விலாவாரியாக யாரும் விளக்குவதில்லை. இரண்டாம் ஆண்டில் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். உடல் கொதிப்புக்கும் மனச்சோர்வுக்கும் வேறு மருத்துவர் தரும் பாராக்சிடின், ஃப்ளுவாக்சிடின் இரண்டும் டாமாக்சிஃபென் உடலில் செயல்வடிவம் பெறுவதைத் தடுப்பவை. வென்லஃபாக்சின் அந்த வம்பு செய்யாது. மாதவிடாய் நின்றவருக்கு ரத்தக்கசிவு வந்தால் கருப்பை உட்சுவரைப் பார்க்க வேண்டும், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு, உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் லெட்ரோசோல் 2.5 மி.கி. அல்லது அனஸ்ட்ரோசோல் 1 மி.கி. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 44 வயதில் கீமோவால் மாதவிடாய் நின்றவர் உண்மையில் நின்றவர் ஆகமாட்டார், சூலகம் தூங்கிக்கொண்டிருக்கலாம். அவருக்கு லெட்ரோசோலை மட்டும் கொடுத்தால் குறைந்த ஈஸ்ட்ரோஜனைப் பார்த்த மூளை சூலகத்தைத் தட்டி எழுப்பிவிடும். நோயைத் தடுக்கத் தந்த மாத்திரையே ஈஸ்ட்ரோஜனைக் கூட்டும், கருகூடத் தரிக்கலாம். சூலகத்தை அடக்க 28 நாளுக்கு ஒரு முறை கோசெரலின் 3.6 மி.கி. ஊசி சேர்க்க வேண்டும், அல்லது டாமாக்சிஃபெனிலேயே இருக்க வேண்டும். லெட்ரோசோல் எலும்பையும் கரைக்கும். தொடங்கும்போதே எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்து வைப்பது நல்லது.

ஹெர்-2 பாசிட்டிவ் ஆனவர்களுக்கு டிராஸ்டுசுமாப் என்ற மருந்து வந்தது 1998-ல். அதுவரை மிகக் கெட்டது என்று பெயரெடுத்த வகையை அது தலைகீழாக மாற்றியது. முதல் முறை எடைக்குக் கிலோவுக்கு 8 மி.கி., பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை 6 மி.கி., மொத்தம் ஓராண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ. இதயம் சோர்ந்தாலும் டாக்சோருபிசினால் வரும் சேதம் போலன்றி, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டு வரும்.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு எலும்பிலோ கல்லீரலிலோ நோய் திரும்புகிறது. அப்போதும் பழைய அறிக்கையை வைத்துக்கொண்டு மருந்தைத் தொடங்கக் கூடாது, எடுக்க முடிந்த இடத்திலிருந்து மறுபடி ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏற்பிகள் மாறியிருக்கலாம், சில நேரம் அது வேறு நோயாகவே இருக்கும். கல்லீரல், நெறிக்கட்டி போன்ற மென்மையான இடம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். எலும்பு மட்டும்தான் என்றால் அதை மென்மையாக்க ஆய்வகத்தில் வீரியமான அமிலத்தைப் பயன்படுத்தினால் ஏற்பிகளும் மரபணுவும் அதில் கரைந்துபோய் எல்லாம் பொய்யாக 'நெகட்டிவ்' ஆகும். அமிலத்துக்குப் பதிலாக ஈ.டி.டி.ஏ. கரைசலில் வைக்கச் சொல்லி விண்ணப்பத் தாளிலேயே எழுத வேண்டும். அதற்குச் சில நாட்கள் கூடுதலாகும், காத்திருக்கலாம். முதல் கட்டியின் திசுவைப் பதித்து வைத்த மெழுகுப் பிளாக்குகளையும் ஆய்வகத்திலிருந்து வாங்கிக் கூடவே கொடுத்துவிட வேண்டும்; பழையதையும் புதியதையும் ஒரே பெத்தாலஜிஸ்ட் (திசு ஆய்வு மருத்துவர்) ஒரே மேசையில் வைத்துப் பார்க்கட்டும்.